பொருட்கள் அனைத்தும் சரியாக உள்ளன

1

இந்தக் கதை என் சிரிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது அவ்வளவு நல்ல சிரிப்பு இல்லை.

நாளிதழின் உள்பக்கத்தில், வீட்டுமனை விளம்பரத்துக்கும் மின்தடை அறிவிப்புக்கும் நடுவே நாலு வரிச் செய்தி. ஏதோ ஓர் ஊரில், அரசின் பொறுப்பில் இருக்கும் ஆலயம் ஒன்றின் பெட்டக அறையைப் பல வருடங்கள் கழித்துத் திறந்திருக்கிறார்கள். கடைசி வரி இது: 'பொருட்கள் அனைத்தும் சரியாக உள்ளன என்று அதிகாரி தெரிவித்தார்.'

படித்ததும் சிரித்தேன். என்ன என்று மனைவி கேட்டாள். வாசித்துக் காட்டினேன், அவளும் சிரித்தாள். அந்த ஊருக்கு நாங்கள் போனதில்லை. அந்த அதிகாரி யாரென்று தெரியாது. 'பாதியைக் காணோம்' என்று போட்டிருந்தால் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம். ஆதாரம் எங்கே என்று கேட்டிருக்க மாட்டோம். சரியாக இருக்கிறது என்று படித்த பிறகுதான் எங்களுக்குச் சந்தேகமே வந்தது.

சாயங்காலம் வரை அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த வரியைச் சொன்ன ஆள் எப்படிப்பட்டவராக இருப்பார்? ஒருவேளை உண்மையைத்தான் சொல்லியிருந்தால்? கேட்கிறவர்கள் சிரிக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே உண்மையைச் சொல்ல எப்படி வாய் வரும்? இப்படி யோசித்து யோசித்துத்தான் அந்த அதிகாரியை ஒரு பெண்ணாக உண்டாக்கினேன். அந்த நாலு வரி போக மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

(யாருக்கும் பெயர் வைக்கவில்லை. பெயரைச் சொன்னால் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கள் ஆளா உங்கள் ஆளா என்று தோண்ட ஆரம்பிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான்.)

2

தொடக்கம் ஒன்று: 'அந்தப் பூட்டில் துரு ஏறியிருந்தது.'

வேண்டாம். பூட்டில் ஆரம்பித்தால் உள்ளே எலும்புக்கூடாவது இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள்.

தொடக்கம் இரண்டு: 'ஆலயங்களின் சொத்து யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம்—'

இது கட்டுரை. ஆனாலும் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் இந்தக் கதை புரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆலயத்துக்கு நிலம் உண்டு, கடைவீதியில் கட்டடங்கள் உண்டு, காணிக்கையாக வந்த நகையும் வெள்ளிப் பாத்திரங்களும் உண்டு. ஆரம்பத்தில் ஒரு குடும்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. அந்தக் குடும்பம் தின்கிறது என்று ஊர் சொன்னது. அரசாங்கம் சட்டம் போட்டுச் சொத்தைத் தன் கையில் எடுத்தது. கொஞ்ச வருடத்தில் அரசாங்கம் தின்கிறது என்று ஊர் சொன்னது. அந்தக் குடும்பமே தேவலை, தின்றாலும் பசித்தவன் மாதிரித் தின்னவில்லை என்றும் சொன்னது. இரண்டு பேச்சிலும் உண்மை இருந்தது. பேச்சு எப்படிப் போனாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் பெட்டக அறை. அதன் கதவுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஆலயங்களைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறையிடம், இன்னொன்று பழைய குடும்பத்திடம். ஒருவரை ஒருவர் நம்பாததால் இரண்டு சாவியும் ஒரே நாளில் அந்தக் கதவுக்கு வந்து சேரவேயில்லை.

தொடக்கம் மூன்று: 'நிர்வாக அதிகாரியாகப் பொறுப்பேற்ற அன்று அவள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். பலபேர் கைபட்டு வழுவழுவென்று இருந்தது. அந்தக் கைகளில் ஒரு ஜோடி அவளுடைய அப்பாவுடையது.'

இதிலேயே போகலாம்.

அவள் பள்ளியில் படித்த காலத்தில் அப்பா இதே நாற்காலியில் இருந்தார். ஒருநாள் காரணம் சொல்லாமல் அவரைத் தொலைதூரத்துக்கு மாற்றினார்கள். அதே சமயத்தில்தான் அவர்கள் வீடு கட்டி முடிந்தது. ஊர் கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டது. "உங்க வீட்டுல தங்கத் தட்டுலதான் சாப்பிடுவீங்களாமே" என்று வகுப்பில் ஒருத்தி நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். அன்று மதியம் வீட்டுக்கு வந்து எவர்சில்வர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது.

[குறிப்பு: அப்பா பெயர் கெட்ட இடத்துக்கே மகளை ஏன் நியமித்தார்கள்? தற்செயல் என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அவளுடைய மேலதிகாரி கேட்டு வாங்கினார் என்று இப்போது வைத்திருக்கிறேன். ஏற்கெனவே அடிபட்ட பெயர் உள்ளவள் அதிகம் கேள்வி கேட்க மாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். நல்லெண்ணத்திலும் கேட்டிருக்கலாம். அவருக்கு நல்லெண்ணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.]

3

மழைக்குப் பெட்டக அறையின் கூரை ஒழுக ஆரம்பித்தது. பொறியாளர் வந்து வெளியிலிருந்தே பார்த்துவிட்டு, உத்தரம் உளுத்திருக்கிறது, உள்ளே போகாமல் எதுவும் செய்ய முடியாது என்றார்.

மேலதிகாரியிடம் சொன்னாள். "மேல ஒரு தார்ஷீட் போட்டா போதாதாம்மா?" என்றார் அவர்.

பழைய குடும்பத்தின் வாரிசைப் போய்ப் பார்த்தாள். ஊரில் அவருக்குப் 'பெரிய வீட்டுக்காரர்' என்று பெயர். பெரிய வீடு விற்றுப்போய் வெகுநாளாகிறது. இப்போது கடைவீதியில் சிமென்ட் வியாபாரம். துறை கொள்ளையடிக்கிறது என்று கூட்டம் போட்டுப் பேசுவதில் முதல் ஆள் அவர்தான்.

"என் சாவி எப்பவும் தயார். உங்க ஆளுங்கதான் திறக்க விடமாட்டாங்க" என்றார்.

"அப்படின்னா வர்ற வாரமே திறக்கலாமா சார்?"

"வர்ற வாரம் எனக்குக் கல்யாண வேலை இருக்கு."

அடுத்த வாரம் முதுகுவலி. அதற்கடுத்த வாரம் சம்பந்தி வீட்டில் ஏதோ. திறக்கச் சொல்லிக் கத்தியவருக்குத் திறக்கும் தேதி மட்டும் பிடிக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

வீட்டில் அப்பா எங்கேயும் போகாவிட்டாலும் தினமும் தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்கிறவர். அன்று காலையும் கூடத்து மேசையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார். அவள் பையில் டிபன் டப்பாவை வைத்தபடியே விஷயத்தைச் சொன்னாள். இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே நின்றது.

"திறக்க வேண்டாம்."

"ஏன்ப்பா?"

"தார்ஷீட் போட்டுக்கலாம்."

மேலதிகாரி சொன்ன அதே வார்த்தை. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் அவர் பெட்டியைத் தூக்கினார்.

அன்றிலிருந்து அவள் தன் வீட்டைப் பார்க்கும் பார்வை மாறிப்போனது. ஒரு குமாஸ்தாவின் சம்பளத்திலிருந்து மேலே வந்த மனிதர், இந்தத் தரைக்கு வழவழப்பான கல் போட எங்கே போனார்? வாசல் கதவு ஒரே தேக்கு, கைக்கு அடங்காத கனம். பக்கத்து வீடுகளிலெல்லாம் ஒட்டுப்பலகைக் கதவு. தான் வளர்ந்த வீட்டில் திருட்டுக் கொடுத்தவள் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தாள். இல்லை, திருடன் மாதிரி. இல்லை, போலீஸ்காரி மாதிரி— (மூன்றும் சரியாக வரவில்லை. விட்டுவிடுகிறேன்.)

4

இதே நாட்களில் வேறொரு காரியமும் நடந்தது. இதைச் சாமர்த்தியமாக ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டலாம். அப்படிச் செய்யப் பிடிக்கவில்லை.

ஆலயத்துக்கு வடக்கே பெரிய மைதானம். ஓரத்தில் நிழல் மரங்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பையைத் தலைக்கு வைத்துப் படுக்கும் இடம் அது, ஊர்ப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடம். அதை நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுக்கும் கோப்பு அவள் மேசைக்கு வந்தது. 'வாகன நிறுத்தமும் பொது வசதிகளும்' என்று போட்டிருந்தது. அவள் முழுவதும் படித்தாள். டெண்டர் விளம்பரம் இருந்தது, மதிப்பீடு இருந்தது, சட்டப் பிரிவின் ஒப்புதல் இருந்தது. மேல்குத்தகைக்கு அனுமதி என்ற வரியைப் பார்த்ததும் மேலதிகாரியிடம் கேட்டாள்.

"ஒரு டீக்கடை, ஒரு ஸ்டேஷனரிக் கடை வைக்கணும்னா அவன் யாருக்காவது விடணும்ல? அதுக்குத்தாம்மா" என்றார்.

அது நியாயமாகப் பட்டது. கையெழுத்துப் போட்டாள்.

அவர் கோப்பை மூடிக்கொண்டே, "வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" என்று விசாரித்தார்.

"மலை அடிவாரத்துல ஒரு ஸ்கூல்ல வாத்தியார் சார். வாரக் கடைசியில வருவார்."

"அட பாவமே. சின்னஞ்சிறுசுங்க" என்றார்.

அடுத்த மாதம் கணவனுக்கு உள்ளூர்ப் பள்ளிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மாறுதல். அவன் படுக்கைச் சுருளும் சைக்கிளுமாக வந்து இறங்கினான். அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். அப்பாவுக்கும் செய்திகளைப் பற்றிச் சண்டை போட ஆள் கிடைத்தது. அந்த மாதம் முழுக்க வீட்டில் ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்காதபடி பேச்சு.

[குறிப்பு: 'வீட்டுக்காரர் எங்க இருக்கார்' என்ற பேச்சை என் முதல் வரைவில் கையெழுத்துக்கு முன்னால் வைத்திருந்தேன். பிறகு பின்னால் நகர்த்தினேன். எல்லாம் அதே வார்த்தைகள்தான், ஒரு பத்தி மேலே கீழே மாறியது, அவ்வளவுதான். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணமும் இல்லை. நடந்தது எந்த வரிசையில் என்று இப்போது எனக்கே நிச்சயமில்லை.]

5

ஒரு விடுமுறை நாள் மதியம், கணவன் வெளியே போயிருந்தபோது, கேட்டுவிட்டாள்.

"அப்பா, அந்த அறையிலேர்ந்து ஏதாவது எடுத்தீங்களா?"

"எதை?" என்றார் அப்பா.

இல்லை என்று சொல்லியிருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். 'எதை' என்றார்.

"எதைன்னு கேட்கறீங்க."

"நீ எதைக் கேட்கறேன்னு தெரிஞ்சாத்தானே சொல்ல முடியும்." சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "இந்த வாசக்கதவு அங்க இருந்த மரம்தான். பழைய விடுதியை இடிச்சப்போ கிடந்தது. ஏலத்துல எடுத்தேன்."

"ஏலத்துல எடுத்தா தப்பில்லையே."

"வேற யாரும் ஏலத்துக்கு வரல."

"ஏன் வரல?"

"நான் அறிவிப்பை ஒட்டல."

அவள் வாசல் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "அறையில?" என்றாள்.

"அந்த அறைக்குள்ள நான் போனதே இல்லம்மா."

"அப்புறம் ஏன் திறக்க வேண்டாம்னீங்க?"

"எனக்கு முன்னாடி எவன் எடுத்திருந்தாலும், பின்னாடி எவன் எடுத்திருந்தாலும், என் பேர்தான் நிக்கப்போகுது. மூடிக் கிடந்தா வெறும் பேச்சோட போகும். நான் செத்ததும் அதுவும் போயிடும். நீ திறந்து காலியா இருந்துச்சுன்னா?"

அவள் இன்னும் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அன்றிலிருந்து அப்பா கூடத்தில் எல்லாரோடும் உட்காராமல் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

அவர்மேல் எனக்கும் சந்தேகம் தீரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதவுத் திருட்டை ஒப்புக்கொண்டால் மற்றதில் உண்மை பேசுகிறார் என்று நாம் நினைத்துக்கொள்வோம். இது விசாரணைகளில் நிறைய நாட்களாகப் புழங்குகிற உத்தி. அவர் துறையில் ஊறியவர். தெரியாமல் இருக்காது.

6

கடைசியில் பெரிய வீட்டுக்காரரை வரவழைத்தது ஒரு நோட்டீஸ்: சாவி கொண்டுவராவிட்டால் பூட்டை உடைத்துத் திறப்போம். வந்தார். வருவாய்த் துறை ஆள், நகை மதிப்பீட்டாளர், போலீஸ், கேமராக்காரர், மேலதிகாரி எல்லாரும் இருந்தார்கள். பெரிய வீட்டுக்காரர் தன் சாவியைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார், பூட்டில் நுழையவே இல்லை. அவள் வாங்கித் திறந்தாள்.

உள்ளே ஈர மர வாசனை. ஒரு மூலையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்தார், நிறுத்துப் பார்த்தார், பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் அவர் "சரி" என்று சொல்லும்போது அவள் மனதுக்குள் அடுத்தது இருக்காது, அடுத்தது இருக்காது என்று எண்ணிக்கொண்டிருந்தாள். பொழுது சாய்ந்தபோது கடைசிப் பெட்டியும் முடிந்தது. எல்லாம் இருந்தது.

பெரிய வீட்டுக்காரர் வெளியே படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய்த் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"எங்கப்பா சாகும்போது, சாவியை யார்கிட்டயும் கொடுக்காதேன்னார்" என்றார். "ஏன்னு சொல்லல. அவர்தான் எடுத்துட்டார்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். உங்க ஆளுங்களைத் திருடன் திருடன்னு நான் மேடையில கத்தினதெல்லாம் அதை மறைக்கத்தான்."

"எங்கப்பாவும் திறக்காதேன்னுதான் சொன்னார் சார்."

"அவரைப் பத்தி நான் பேசாத பேச்சில்ல."

"தெரியும். நான் வீட்டுல உட்கார்ந்து அதையேதான் நினைச்சேன்."

இருவரும் அந்தப் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்துத் தீர்த்தார்கள்.

வெளியே நிருபர்கள் கேட்டார்கள். "பொருட்கள் அனைத்தும் சரியாக உள்ளன" என்றாள். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மறுநாளே ஊரில் விளக்கங்கள் கிளம்பின. அசலை எடுத்துவிட்டுப் போலியை வைத்துவிட்டார்கள். மதிப்பீட்டாளரைக் கவனிக்க வேண்டிய விதத்தில் கவனித்துவிட்டார்கள். அப்பன் எடுத்ததை மகள் திருப்பி வைத்துவிட்டாள். கடைசி விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு கணம் அதையே கதையாக்கிவிடலாமா என்று பார்த்தேன். ஒரு தங்க மாலையில் மட்டும் கற்கள் கண்ணாடி என்று அரைப் பக்கம்கூட எழுதினேன். எழுதும்போது எனக்குக் கிடைத்த திருப்தி சரியில்லை என்று பட்டது. கிழித்துப் போட்டேன்.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். "அப்படியா" என்றார். வெகுநேரம் கழித்து, "எல்லாமேவா?" என்று கேட்டார். அவரும் நம்பியிருக்கவில்லை. அன்று ராத்திரி தட்டோடு கூடத்துக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தாள், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

இங்கே முடித்திருந்தால் நல்ல கதை. என் மனைவி இங்கே முடிக்கத்தான் சொன்னாள்.

7

"இனிமே நம்ம மேல எவனும் விரலை நீட்ட முடியாது" என்று மேலதிகாரி அலுவலகத்தில் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அந்த வாரமே வடக்கு மைதானத்தைச் சுற்றித் தகரவேலி எழும்பியது.

அவள் பார்க்கப் போனாள். மரங்களில் பாதி இல்லை. மீதி மரங்களில் பெயின்ட்டால் பெருக்கல் குறி. வேலியில் ஒரு பெரிய படம்: அடுக்கடுக்காகக் கடைகள், மேலே ஓட்டல் அறைகள், ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நாலு கார். வாசலில் சீருடைக் காவலாளி கை காட்டி நிறுத்தினார்.

"பாஸ் இருக்கா மேடம்?"

"நான் ஆலயத்து நிர்வாக அதிகாரி. இது ஆலயத்து இடம்."

"இருக்கலாம் மேடம். பாஸ் இல்லாம விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அவள் வெயிலில் நின்றுகொண்டு 'பொது வசதிகள்' என்ற சொல்லை நினைத்துப் பார்த்தாள். அவள் படித்த சொல்தான். ஓட்டலும் அதற்குள் அடங்கும். எதையும் அதற்குள் அடக்கலாம்.

குத்தகைக்காரர் வெறும் முகமூடி என்பதைச் சொன்னது பெரிய வீட்டுக்காரர். அவளைத் தன் கடைக்கே வரச்சொல்லிக் குரலைத் தாழ்த்தினார். "சிமென்ட் என் கடையிலிருந்துதான் போகுது. பில்லு யார் பேர்ல போடச் சொன்னாங்க தெரியுமா? உங்க மேலதிகாரியோட மருமகன் பேர்ல."

"இதை ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

"பணம் வரட்டும்னு பார்த்தேன்" என்றார். கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வீட்டில் அப்பாவிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் இஸ்திரிப் பெட்டியின் வயரைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மைதானமா? என்கிட்டயும் வந்தாங்க. அப்போ சினிமாக் கொட்டகைக்கு. நான் கையெழுத்துப் போடல."

"அதனாலதான் உங்களை மாத்தினாங்களா?"

"அப்படித்தான் நான் நினைச்சுக்கிட்டிருக்கேன்."

"ஏன்ப்பா யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? எல்லாரும் அறையைப் பத்தித்தான் கேட்டாங்க. நீயும்."

அவள் தரையைப் பார்த்தாள். அப்பா வயரை முடித்து ஓரமாக வைத்தார். "பெரிய யோக்கியன்னு நினைச்சுடாதே. எனக்குப் பயம். நாளைக்கு மாட்டுனா வீடு போயிடும்னு பயம்."

[குறிப்பு: வேறு யாரோ அதே இடத்துக்கு அவரிடம் விலை பேசியிருந்தார்களோ, அதனால்தான் கையெழுத்துப் போடவில்லையோ என்று எனக்குள் ஓடுகிறது. கதையில் அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கதையை எழுதுகிறவனே ஆதாரம் இல்லாமல் இப்படி நினைக்கிறான் என்றால் ஊரை என்ன சொல்வது.]

8

லஞ்ச ஒழிப்புப் பிரிவுக்குப் புகார் எழுத உட்கார்ந்தாள். குத்தகையில் முதல் கையெழுத்து தன்னுடையது என்பதில்தான் ஆரம்பித்தாள். கணவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"முதல்ல உன்னைத்தான் பிடிப்பாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சே எழுதறே."

"எழுதாம இருந்தா நாளைக்கு என்னையும் அந்தப் பில்லுல சேர்த்துத்தானே பார்ப்பாங்க."

அவன் மேசையில் கிடந்த பேனா மூடியை உருட்டிக்கொண்டிருந்தான். "என் மாறுதலையும் எழுதுவியா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் அதைக் கேட்கலைங்க. யார்கிட்டயும் கேட்கல."

"நானும் புதுசா யார்கிட்டயும் கேட்கல. ஆனா வந்துச்சு. நீ கையெழுத்துப் போட்ட அடுத்த மாசம் வந்துச்சு." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "திரும்பிப் போகச் சொன்னா போறேன். எனக்கு அந்த ஊர் பழகினதுதான்."

அவன் எழுந்து போய்ப் பின்பக்கம் துணி காயப்போட ஆரம்பித்தான். அவளுடைய அலுவலகத் துணியும் அப்பாவின் சட்டையும் தன்னுடையதுமாக. அவன் வந்த பிறகு அது அவன் வேலையாகிவிட்டிருந்தது. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாறுதலைப் பற்றி ஒரு பத்தி எழுதினாள். முழுதாக, தேதியோடு, மேலதிகாரி கேட்டதும் அவள் சொன்னதும் எல்லாம். படித்துப் பார்த்தாள். அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் அந்தப் பத்தி இல்லாமல் எழுதினாள்.

அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அவ்வளவு தைரியமாகப் புகார் கொடுக்கிறவள் அந்த ஒரு பத்தியை ஏன் விட்டாள் என்று உங்களைப் போலவே நானும் கேட்டுப் பார்த்தேன். அது தற்செயலாக இருக்கலாம் என்று நினைத்தாளா? கணவன் செய்யாத குற்றத்துக்கு அவன் ஏன் போக வேண்டும் என்று நினைத்தாளா? இல்லை, அவன் வந்த பிறகு வீடு இருக்கும் விதம் அவளுக்குப் பிடித்துவிட்டதா? நான் அவளை அந்தப் பத்தியைச் சேர்க்க வைத்தும் எழுதிப் பார்த்தேன். அந்த வடிவத்தில் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. ஏதோ பாடப்புத்தகத்தில் வருகிறவள் மாதிரி இருந்தாள்.

நடந்தது இதுதான். நீதிமன்றம் கட்டட வேலைக்குத் தடை போட்டது. வேலி அப்படியே நிற்கிறது. வெட்டாத மரங்கள் வேலிக்கு உள்ளே இருக்கின்றன, வெளியூர்க்காரர்கள் வேலிக்கு வெளியே வெயிலில் படுக்கிறார்கள். மேலதிகாரியை வேறோர் ஊருக்கு அதே பதவியில் மாற்றினார்கள். கையெழுத்து அவளுடையது என்பதால் விசாரணை முடியும்வரை அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். பெட்டக அறையைத் திறந்தவள் சஸ்பெண்ட் என்று ஊரில் பரவியது. அப்படியென்றால் அறையிலிருந்து என்னத்தையோ எடுத்திருக்கிறாள் என்று முடிவானது. மைதானத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதற்கு ஒரு பூட்டாவது இருந்திருந்தால் பேசியிருப்பார்களோ என்னவோ.

9

முடிவுகள்.

(அ) விசாரணை அவளை விடுவிக்கிறது. அவள் மறுபடி அந்த நாற்காலியில்— 

இல்லை. விசாரணைகள் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை.

(ஆ) மாறுதல் உத்தரவு விசாரணையில் வெளியே வருகிறது. மறைத்தது ஏன் என்று கேட்கிறார்கள். புகார் கொடுத்தவளே குற்றவாளி ஆகிறாள். மேலதிகாரி சாட்சி சொல்ல வருகிறார்.

இது நடக்கக்கூடியதுதான். எனக்கு எழுத மனமில்லை, அவ்வளவுதான்.

(இ) கணவன் தானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குத் திரும்பிப் போகிறான். அப்பா பஸ் நிலையம் வரை போய்—

இதில் நான் உங்களை அழவைக்கப் பார்க்கிறேன். வேண்டாம்.

விசாரணை என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டில் ஒரு முற்பகலில் நடந்தது மட்டும் தெரியும். அவளுக்கு அலுவலகம் இல்லாத நாட்கள் அவை. கூடத்தில் உட்கார்ந்து பழைய துணிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு விடுமுறை. உள்ளறையில் கணவன் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். தாள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா வந்து எதிரே உட்கார்ந்தார். அடுக்கிய துணி ஒன்றை எடுத்து நீவிவிட்டு வைத்தார்.

"ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்கப்பா."

"தப்பா நினைக்கக் கூடாது."

"இல்ல, கேளுங்க."

"அந்த மைதானத்துக்காக உனக்கு யாரும் எதுவும் தரலியே?"

உள்ளே தாள் புரளும் சத்தம் நின்றது.

அவள் கையிலிருந்த துணியை நாலாக மடித்து வைத்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தான் அவரைக் கேட்ட அன்று தன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. நம்ப ஆசைப்படுகிற முகம்.

"இல்லப்பா" என்றாள்.

அடுத்த வரியை 'அப்பா தலையசைத்தார்' என்று எழுதினேன். அடித்தேன். 'அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதினேன். அதையும் அடித்தேன். அவள் பொய் சொல்லவில்லை. பணமோ பொருளோ அவள் கைக்கு வரவில்லை, எதையும் அவள் கேட்கவுமில்லை. உண்மையைச் சொன்னாள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு வரியில் எதைப் போட்டாலும் தீர்ப்பு எழுதியவன் நானாகிவிடுவேன். எனக்கு அவள்மேல் பிரியம் என்று முன்பே சொல்லிவிட்டேன், என் தீர்ப்பு செல்லாது.

அவர் வயதானவர். மகள் பதில் சொல்லிவிட்டாள். உள்ளே ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறான். இவ்வளவு நேரம் அவளோடு இருந்தவர் நீங்கள்.

அவர் தலையசைக்கலாமா?